ஜொகூர் நீரிணையில் பச்சைச் சிப்பி வளர்ப்பை நிலைநிறுத்தக் கோரும் மகஜர்

பெறுநர்:
மாண்புமிகு ஜொகூர் மாநில விவசாயம், விவசாயம் சார்ந்த தொழில், ஊரக மேம்பாட்டு ஆட்சிக்குழு உறுப்பினர் அவர்கள்,
கோத்தா இஸ்கண்டார், இஸ்கண்டார் புத்ரி.

அனுப்புநர்:
கிழக்கு ஜொகூர் நீரிணையில் சிப்பி வளர்ப்போர், விற்போர் சங்கத்தின் செயற்குழுவினர்,
பாசிர் கூடாங்.

பொருள்: சிப்பி பற்றிய ஆய்வின் பலன் வளர்ப்போரின் தெப்பத்துக்கும் வந்து சேர வழி செய்யக் கோருதல்.

மாண்புமிகு ஐயா,

ஜொகூர் தரைப்பாலத்துக்குக் கிழக்கே, பாசிர் பூத்தே, கோங் கோங் கரைகளில் தெப்பம் கட்டிப் பச்சைச் சிப்பி வளர்க்கும் குடும்பங்களின் சார்பிலும், அதை வாங்கிக் கழுவி அவித்து விற்கும் சிறு வியாபாரிகளின் சார்பிலும் இம்மகஜரைத் தங்களிடம் அளிக்கிறோம். சந்தையில் கூப்பாங் என்றும் சிப்புட் சூடு என்றும் கேட்டு வாங்கப்படுவது இச்சிப்பிதான். மகஜரின் தேசிய மொழிப் படி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

சிப்பிக்கு நாங்கள் தீவனம் போடுவதில்லை. நீலப் பீப்பாய்களின் மேல் கட்டிய மரத் தெப்பத்திலிருந்து கயிற்றை இறக்கிவிட்டால், நீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்று அது தானே வளரும். ஏழெட்டு மாதத்தில் விரல் நீளத்துக்கு வந்துவிடும். முதல் குறைவு என்பதால்தான் சாதாரணக் குடும்பங்கள் இத்தொழிலுக்கு வந்தன. ஆனால் தீவனத்தை நாங்கள் போடாததால், அது எதைத் தின்கிறது என்பதும் எங்கள் கையில் இல்லை. தண்ணீரில் வருவது எதுவோ அதுவே அதன் உணவு. குஞ்சும் அப்படித்தான், கடல் கொடுத்தால் உண்டு. தொழிலின் இரண்டு ஆணிவேர்களும் எங்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. ஆய்வும் தொழில்நுட்பமும் வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

இன்றைய நிலவரம்

அ) தண்ணீர். 1924இல் தரைப்பாலம் திறக்கப்பட்டது முதல் நீரிணை நடுவே அடைபட்டுக் கிடக்கிறது. மேற்கும் கிழக்கும் இரண்டு முட்டுச் சந்துகளாகிவிட்டன. அவற்றில் ஆற்று நீர், ஊர்க் கழிவு, தொழிற்பேட்டைக் கழிவு எல்லாம் வந்து சேர்கின்றன. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவால் பாசிர் கூடாங்கில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளிகள் மறுபடி திறந்து வெகுகாலம் ஆன பிறகும் சந்தையில் எங்களிடம் ஒரு கேள்வி மட்டும் நிற்கவில்லை: "அண்ணே, இது எந்தத் தண்ணிச் சிப்பி?" நல்ல தண்ணீர் என்று வாயால் சொல்கிறோம். காட்டுவதற்குக் கையில் ஒரு தாள் இல்லை.

ஆ) நச்சு நுண்பாசி. சில வகை நுண்பாசிகள் பெருகும் நாள்களில் அவற்றின் நஞ்சு சிப்பியின் சதையில் சேர்கிறது. சிப்பி சாவதில்லை, நிறமோ மணமோ ருசியோ மாறுவதுமில்லை. அவித்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு அழியாது. 1991இல் மலாக்கா செபாத்துவில் சிப்பி உண்டவர்கள் இதனால் பாதிக்கப்பட்டார்கள். 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சன் சிப்பியை உண்ண வேண்டாம் என்று எச்சரிக்கை விடுக்கப்பட்டது. செய்தி வரும்போது ஊர்ப் பெயரைப் படித்துப் பிரித்துப் பார்ப்போர் குறைவு. தடை ஒரு கரைக்கென்றாலும் விற்பனை எல்லாக் கரையிலும் படுத்துவிடுகிறது.

இ) குஞ்சு. ஒரு கயிற்றைத் தூக்கிக் காட்டினால் இது விளங்கும். முன்பு குஞ்சு ஒட்டுவதற்கென்று இறக்கிய கயிற்றைச் சில வாரத்தில் எடுத்தால், நகக்கண் அளவில் விளிம்பு பச்சையாக மின்னும் குஞ்சுகள் கயிறு தெரியாமல் அப்பியிருக்கும். இப்போது அதே கயிற்றில் பாதி இடம் வெறுமையாக இருக்கிறது. மீதியில் கருத்த சிறு சிப்பி ஒன்று கொத்துக் கொத்தாக ஏறியிருக்கிறது. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த மைட்டெல்லா என்னும் சிப்பி 2016 முதல் நீரிணையின் சிங்கப்பூர்ப் பக்கத்தில் பதிவாகியுள்ளது. பாலத்தைக் கடக்க நமக்குத்தான் கடப்பிதழ் வேண்டும், அதற்கு வேண்டாம். எங்கள் கயிற்றில் ஏறியிருப்பதும் அதுதானா என்று ஆய்வாளர்தான் உறுதி சொல்ல வேண்டும். அதே மைட்டெல்லா கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் பரவியது. அங்குள்ளவர்கள் அதை 'வரத்தன் கக்கா' என்கிறார்கள். வந்தேறி என்று பொருள்.

ஈ) ஆய்வு. கடல் நீரின் மாசை அளக்கச் சிப்பியையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்று அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் கோல்ட்பெர்க் 1975இல் முன்மொழிந்தார். நம் நாட்டிலும் மலேசிய புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பச்சைச் சிப்பியின் சதையில் காட்மியம், ஈயம், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றை அளந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். ஆகவே எங்கள் தொழிலில் ஆய்வே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். எங்கள் குறை வேறு. ஒரு முறை எங்கள் தெப்பத்துக்கு வந்து இரண்டு குளிர்ப்பெட்டி நிறையச் சிப்பி எடுத்துச் சென்றார்கள். இன்னார் என்று இங்கே குறிப்பிட விரும்பவில்லை. சிப்பிக்கு விலை வேண்டாம், முடிவு வந்தால் போதும் என்றோம். முடிவு இன்றுவரை வரவில்லை.

எங்கள் கோரிக்கைகள்

1. ஜொகூரிலேயே ஒரு சிப்பிக் குஞ்சு பொரிப்பகம். கேலாங் பாத்தாவில் மீன்வளத்துறையின் உவர்நீர் வளர்ப்பு ஆய்வு மையம் இருக்கிறது. அங்கு பச்சைச் சிப்பிக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட வேண்டும். தாய்ச்சிப்பியை இந்த நீரிணையிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம். திறந்து பார்த்தால் பெண்ணின் முற்றிய சதை செங்கல் நிறத்திலும் ஆணினது பாலாடை நிறத்திலும் இருக்கும். இது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். முட்டையிலிருந்து வரும் இளம் உயிர் கயிற்றில் ஒட்டும்வரை இரண்டு மூன்று வாரம் அதைக் காப்பதற்குத்தான் ஆய்வகம் வேண்டும். நியூசிலாந்திலும் கடற்பாசியோடு கரை ஒதுங்கும் குஞ்சுகளையே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். பிறகு நெல்சன் நகரில் பொரிப்பகம் அமைத்தார்கள். பொரிப்பகம் பலன் தரும்வரை, வெளிக் கரைகளிலிருந்து குஞ்சு கொண்டுவரும்போது அந்நியச் சிப்பியும் நோயும் கலந்திருக்கிறதா என்று சோதித்த பின்னரே கடலில் இறக்க விதி செய்ய வேண்டும்.

2. வாரந்தோறும் பரிசோதனை; முடிவு வளர்ப்போர் கைக்கு. நீரில் நுண்பாசியும் சதையில் நஞ்சும் வாரம் ஒரு முறை சோதிக்கப்பட வேண்டும். சாக்சிடாக்சின் வகைப் பாசி நஞ்சுக்குச் சர்வதேச உணவுத் தர வரம்பு ஒரு கிலோ சதைக்கு 0.8 மில்லிகிராம். வரம்பைத் தாண்டிய பகுதியை வரைபடத்தில் எல்லை குறித்து மூடுங்கள். தெளிந்ததும் அதே வேகத்தில் திறந்துவிடுங்கள். முடிவு தேசிய மொழியிலும் சீனத்திலும் தமிழிலும் கைபேசிக்கு வர வேண்டும். மூடிய நாள்களுக்கு உதவித்தொகை வழங்க வேண்டும். பசித்தவனிடம் "அறுக்காதே" என்று மட்டும் சொன்னால் அவன் இரவில் அறுப்பான்.

3. கரை வகைப்பாடும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 100 கிராம் சதையில் ஈ.கோலை எண்ணிக்கை 230க்குள் இருந்தால் முதல் வகை, நேரே விற்கலாம். 4,600 வரை இரண்டாம் வகை. சுத்திகரிப்பு போன்ற முறைகளுக்குப் பிறகே விற்க வேண்டும். எங்கள் கரைகளையும் இவ்வாறு வகைப்படுத்தி, மீன்வள மேம்பாட்டு வாரியத்தின் துணையுடன் இறங்குதுறையில் ஒரு பொது நிலையம் அமைக்கக் கோருகிறோம். புறஊதா ஒளியில் தூய்மையாக்கிய கடல் நீரில் சிப்பியை விட்டுவைக்கும் முறை அது. பிரிட்டனில் பொதுவாக 42 மணி நேரம் வைக்கிறார்கள். ஈ.கோலை போன்ற கிருமிகள் போகும். உலோகமும் பாசி நஞ்சும் அப்படிப் போவதில்லை. எனவே இக்கோரிக்கையை அடுத்ததோடு சேர்த்தே பார்க்க வேண்டுகிறோம்.

4. கழிவை ஊற்றிலேயே தடுத்தல். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் கையில் இருக்கிறது. நீரிணையில் விழும் ஆறுகளின் முகத்தில் தானியங்கி நீர் அளவிகள் பொருத்தி, அவற்றின் பதிவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

5. கயிற்று முறையில் முன்மாதிரிப் பண்ணை. கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் படன்னாவில் 1990களில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குச் சிப்பி வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. குஞ்சுகளைக் கயிற்றைச் சுற்றி வைத்துப் பருத்தி வலைத் துணியால் தைத்துவிடுவார்கள். சில நாளில் குஞ்சு தன் நாரால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும்; துணி நீரில் மக்கிப் போகும். ஊசி, நூல், வலைத் துணி: ஆய்வகம் சொல்லித் தந்த தொழில்நுட்பம் இவ்வளவுதான். இங்கே நீரோட்டத்துக்கும் கப்பல் அலைக்கும் தாங்கும் நீள்கயிற்று மிதவைகளையும் சேர்த்து ஒரு பண்ணையில் செய்து காட்டினால் நாங்கள் பின்பற்றுவோம்.

6. இடத்துக்கு உறுதி. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. வளர்ச்சியை நாங்கள் எதிர்க்கவில்லை. மண்டல வரைபடத்தில் சிப்பி வளரும் நீர்ப்பரப்பும் ஒரு நிறத்தில் இருக்க வேண்டும் என்கிறோம். அங்கு வளர்ப்போருக்கு நீண்டகால உரிமம் வேண்டும். நாளை தெப்பம் நகர்த்தப்படுமோ என்ற அச்சத்தில் எவரும் நல்ல கயிற்றில் பணம் போட மாட்டார்கள்.

7. ஓராங் செலேத்தார் மக்களுக்கு இடம். நமக்கெல்லாம் முன்பிருந்தே இந்நீரிணையில் வாழ்பவர்கள் அவர்கள். எங்கே குஞ்சு விழும், எந்த மாதம் நீர் இனிக்கும் என்ற அறிவு அவர்களிடம் இருக்கிறது. அமைக்கப்படும் எந்தக் குழுவிலும் அவர்களுக்கு நாற்காலி வேண்டும்.

நாங்கள் ஏற்கும் கடமைகள்

கேட்பதோடு நில்லாமல் நாங்களும் வாக்களிக்கிறோம். நல்ல வேளாண் முறைக்கான மைகேப் சான்றிதழுக்குரிய பதிவேட்டை ஒவ்வொரு தெப்பத்திலும் வைப்போம். மூடிய பகுதியில் அறுவடை செய்யும் உறுப்பினரைச் சங்கத்திலிருந்து நீக்குவோம். உடைந்த பீப்பாயையும் அறுந்த கயிற்றையும் கடலில் விடாமல் கரை சேர்ப்போம். ஆய்வாளர்களுக்குப் படகும் மாதிரியும் கட்டணமின்றித் தருவோம்.

இக்கோரிக்கைகள் குறித்து மாநில மீன்வளத்துறை, சுற்றுச்சூழல் துறை, பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளர்ப்போர் ஆகியோர் பங்கேற்கும் கூட்டம் ஒன்றை 30 நாள்களுக்குள் கூட்டி, எழுத்துப்பூர்வமான பதிலும் தந்து உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். இவற்றில் பலவற்றுக்குப் பணமும் காலமும் வேண்டும் என்பதை அறிவோம். இரண்டும் வேண்டாத ஒன்றை நாளைக்கே செய்யலாம்: அடுத்த முறை மாதிரி எடுக்க வருகிறவர்கள், குளிர்ப்பெட்டியின் மேல் எங்கள் கைபேசி எண்ணையும் எழுதிக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயற்குழுவினர்

நகல்:
மாநில மீன்வளத்துறை இயக்குநர், ஜொகூர்
மாநிலச் சுற்றுச்சூழல் துறை இயக்குநர், ஜொகூர்
மீன்வள ஆராய்ச்சிக் கழகம், பத்து மாவுங், பினாங்கு