‘நோயாளி வரவில்லை’ என்று எழுதும் முன்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வெளிக்கதிர்வீச்சு தொடங்கிய நாள் முதல் கடைசி உள்கதிர்வீச்சு முடியும் நாள் வரை 56 நாட்களைத் தாண்டக் கூடாது. நம் துறைக்குப் படிக்க வரும் மாணவர் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. அதற்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் இடுப்புப் பகுதியில் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு விழுக்காடு வரை குறைகிறது என்று 1990-களில் வந்த ஆய்வுகள் காட்டின. தலை, கழுத்துப் புற்றுநோயிலும் இதே நிலைமைதான். கதிர்வீச்சின் அளவைக் கிரேயில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை பார்த்துக் கணக்குப் போடுகிறோம். நாட்கள் கைநழுவும்போது மட்டும் சிகிச்சைப் பதிவேட்டில் இரண்டு சொல் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறோம்: நோயாளி வரவில்லை.

அவர் எங்கே போனார் என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரும்பாலான நேரம் அவர் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயேதான் இருந்திருப்பார்.

மொரப்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்த ஓர் அம்மாவின் சிகிச்சையை அண்மையில் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவர், விவசாயக் கூலி. மாதவிடாய் நின்று ஆண்டுகள் கழித்து உதிரப்போக்கு. உள்ளூரில் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு மாவட்டத் தலைநகரில் பயாப்சி, அங்கிருந்து சென்னை. எல்லாத் தாள்களும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் இருந்தன. பையை வைத்திருந்தவர் அவர் கணவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. தாள்களை நிறம் பார்த்து அடையாளம் வைத்திருந்தார். ரோஜா நிறம் ரத்த வங்கி, நீலம் ஓ.பி. சீட்டு, மஞ்சள் ஸ்கேன். யார் கேட்டாலும் நிறத்தைச் சொல்லச் சொல்லி எடுத்துக் கொடுப்பார். ஒரு நாள் அச்சகம் மாறியோ என்னவோ, ஓ.பி. சீட்டு வெள்ளையில் வந்தது. அன்று மதியம் வரை பையைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் தடை காப்பீட்டு மேசையில். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமிருக்கிறது. இந்தத் திட்டம் இல்லையென்றால் நம் நோயாளிகளில் பாதிப் பேர் சிகிச்சையைத் தொடங்கவே மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அந்த அம்மாவின் ஆதார் அட்டையில் கணவர் பெயரின் முதலெழுத்து. பயாப்சி அறிக்கையில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து. திருமணத்துக்குப் பிறகு முதலெழுத்து மாறுவது நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருப்பதுதான். இருந்தும் ‘அறிக்கை வாங்கின இடத்திலேயே திருத்திட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பினார்கள். கணவர் பேருந்து ஏறிப் போய் மறுநாள் திரும்பி வந்தார். மேசையில் இருந்த பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். தானாக முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. சிகிச்சை தரும் மருத்துவர் ‘இருவரும் ஒருவரே’ என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம் தந்திருந்தால், அதைப் பற்றி மேசையில் ஒரு பேச்சுப் பேசியிருந்தால், அன்றே முடிந்திருக்கும். அந்தக் கடிதத்தைக் கேட்கலாம் என்று கணவருக்கு யாரும் சொல்லவில்லை. மருத்துவருக்கோ அப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது.

இரண்டாவது தடை இன்னும் வருத்தம் தருவது. கதிர்வீச்சு நடுவில் இருக்கும்போது ஹீமோகுளோபின் இறங்கிவிட்டது. ரத்தம் ஏற்ற வேண்டும், கொடுக்க ஆள் கூட்டி வாருங்கள் என்றார்கள். இரண்டு நாள் அவர் சிகிச்சை அறைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் தொழில்நுட்பர் கேட்டார்:

“ஏம்மா, ரெண்டு நாளா ஆளையே காணோமே?”

“ரத்தம் ஏத்தின பெறகுதான் கரண்டு வெப்பாங்கன்னு நெனச்சோம் சார். ஆள் கூட்டியாரச் சொன்னாங்க. இந்த ஊர்ல எங்களுக்கு யார் சார் இருக்கா?”

ரத்தம் ஏற்றுவதும் கதிர்வீச்சும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பதுதான் மருத்துவரின் எண்ணம். கேஸ் ஷீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில். அந்த இரண்டு நாளும் அந்தத் தம்பதி ரத்த வங்கி வாசலில் வருவோர் போவோரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டில் இருப்பது ‘நோயாளி வரவில்லை’.

வழி தெரியாமல் போவதும் நோயின் போக்கை மாற்றும் என்று நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஹரோல்ட் ஃப்ரீமன் உணர்ந்தார். அவரிடம் வந்த கறுப்பின ஏழைப் பெண்களில் பலர் மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகே வந்தார்கள். 1990-இல் நோயாளிக்கு வழிகாட்ட என்றே ஆட்களை அமர்த்தினார். கட்டி என்று சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து பயாப்சி, சிகிச்சை வரை கூடவே நின்று, காப்பீடு, போக்குவரத்து, பயம், எழுத்து வேலை என ஒவ்வொரு முட்டுக்கட்டையையும் நீக்குவது அவர்கள் பணி. 1986-க்கு முந்தைய இருபதாண்டுக் காலத்தில் அங்கே ஐந்தாண்டு உயிர்வாழ்வு 39 விழுக்காடு. 1995 முதல் 2000 வரை சிகிச்சை பெற்றவர்களில் 70. இந்த ஏற்றம் முழுவதையும் வழிகாட்டிகளின் கணக்கில் எழுதக் கூடாது. குறைந்த செலவில் மார்பகப் பரிசோதனையும் அதே காலத்தில் அங்கே பரவலாக்கப்பட்டது. ஆனால் பரிசோதனையில் கண்டுபிடித்த கட்டிக்கு அடுத்த வாரமே சிகிச்சை தொடங்க யாராவது பொறுப்பேற்க வேண்டுமல்லவா? அந்தப் பொறுப்புக்கு அவர் ஓர் ஆளை வைத்தார். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டாடா சமூக அறிவியல் நிறுவனத்துடன் சேர்ந்து ‘கேவட்’ என்ற பெயரில் நோயாளி வழிகாட்டிகளுக்கு முறையான படிப்பே தொடங்கியது.

நம் மருத்துவமனைகளிலும் இந்த வேலை நடக்காமல் இல்லை. மனம் இளகிய ஒரு சிஸ்டர் செய்கிறார். இரண்டு தளத்துக்கு ஒருவராக ஓடும் மருத்துவ சமூகப் பணியாளர் செய்கிறார். பல நேரம், ஏற்கெனவே ஆறு சுற்று முடித்த இன்னொரு நோயாளியின் அட்டெண்டர் செய்கிறார். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் சிஸ்டர் விடுப்பில் போனால் வேலை நின்றுவிடுகிறது. சிஸ்பிளாட்டின் அளவை யாருடைய நல்ல மனதுக்கும் நாம் விட்டுவைப்பதில்லை. நாட்களை மட்டும் ஏன் விட்டுவைக்கிறோம்? வழிகாட்டி என்ற பணியிடம் சம்பளத்தோடும் அதிகாரத்தோடும் வர வேண்டும். ட்யூமர் போர்டில் அவருக்கு ஒரு நாற்காலி வேண்டும். காப்பீட்டு மேசையிலும் ரத்த வங்கியிலும் அவர் சொல் எடுபட வேண்டும்.

அந்தப் பணியிடம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. கீமோ முடிந்து போகிறவரின் கோப்பு முகப்பில், பெரிய எழுத்தில், தமிழில் ஒரு தொலைபேசி எண் எழுதலாம். அதை இரவிலும் யாராவது எடுக்க வேண்டும். அதன் கீழே ‘100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்’ என்று எழுதலாம். ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் நடுவில் வெள்ளணுக்கள் தரைமட்டமாகும் என்பது நமக்குத் தெரியும்; நள்ளிரவில் குளிரில் நடுங்குபவருக்கும், பக்கத்துக் கிளினிக்கில் பாரசிட்டமால் கொடுத்து அனுப்புகிறவருக்கும் தெரிய வேண்டும். ஒரு வெப்பமானியையும் கையில் கொடுத்து, பார்க்கச் சொல்லிக்கொடுத்து அனுப்பலாம். ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 விழுக்காடு சலுகை. அதற்கான படிவத்தில் மருத்துவர் கையெழுத்திட வேண்டும். மொரப்பூரில் ரயில் நிலையம் இருக்கிறது. அந்தக் கணவர் ஒவ்வொரு முறையும் பேருந்துக்குக் காசு கொடுத்துத்தான் போய்வந்தார்.

சிகிச்சை முடிந்த பிறகு சொல்ல வேண்டியதையும் நாம் விழுங்கிவிடுகிறோம். இடுப்புக் கதிர்வீச்சுக்குப் பின் யோனிப் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டைலேட்டர் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில், கணவர், மாணவர்கள், அடுத்த நோயாளி எல்லோர் முன்னாலும் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கி விட்டுவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து வரும்போது பரிசோதிக்கவே முடிவதில்லை. அந்தப் பெண் அனுபவிக்கும் வேதனையை அவர் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். ஒரு பெண் செவிலியர், கதவு சாத்திய அறை, கால் மணி நேரம். இதைவிட மலிவான சிகிச்சை நம் துறையில் வேறில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு என்ன? 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே போகிறார்; வலித்தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. அதே தெருவில் கதிர்வீச்சு முடிந்து ஒருவர் வந்திருக்கிறார் என்று அவருக்குச் சொல்வது யார்? நம் டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் ஒரு நகல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலே பாதி வேலை முடியும்.

இந்த இதழ் தன் பங்குக்கு ஒன்று செய்யும். கருப்பைவாய், தலை, கழுத்துப் புற்றுநோய் சிகிச்சை முடிவுகளை எழுதி அனுப்புவோர் மொத்தச் சிகிச்சைக் காலத்தைக் குறிப்பிடுவதோடு, இடைவெளி விழுந்த ஒவ்வொரு நாளுக்கும் காரணத்தைப் பிரித்துத் தர வேண்டும்: இயந்திரப் பழுது, பக்கவிளைவு, ரத்தம் கிடைக்காமை, காப்பீட்டு அனுமதி, தங்க இடமின்மை, பயணம். ‘நோயாளி வரவில்லை’ என்ற காரணத்தை ஏற்க மாட்டோம். ஏன் வரவில்லை என்று அவரிடம் கேட்டு, அதை எழுதி அனுப்புங்கள்.