பண்டிகை ‘சேல்’ கூட்டம்: எந்த நேரத்தில் ஆபத்து, எப்படித் தப்பிப்பது?

கிறிஸ்துமஸ், புத்தாண்டு நெருங்கினால் கொச்சங்காடியிலிருந்து ஷாப்பிங் கிளம்புபவர்களுக்கு வழக்கமான இடங்கள் சில உண்டு. பக்கத்திலேயே மட்டாஞ்சேரி பஜார் ரோடு, காயலைத் தாண்டினால் எர்ணாகுளம் பிராட்வே, இன்னும் கொஞ்சம் போனால் இடப்பள்ளி மால். எங்கே போனாலும் கூட்டம்தான். ‘சேல்’ போர்டு தொங்கினால் கேட்கவே வேண்டாம். 2022 ஜூலையில் கொச்சி, திருவனந்தபுரம் லுலு மால்களில் நள்ளிரவு தள்ளுபடி விற்பனைக்குத் திரண்ட கூட்டத்தின் வீடியோக்கள் உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம்.

“பர்ஸ் பத்திரம், குழந்தை கையை விடாதே” என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். ரெண்டும் சரியான அறிவுரைதான். ஆனால் உயிரைப் பறிக்கும் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

கொச்சியில் என்ன நடந்தது?

2022 டிசம்பர் 31 இரவு, ஃபோர்ட் கொச்சி பரேட் மைதானத்தில் பாப்பாஞ்சி எரிப்பைப் பார்க்க வந்த கூட்டம் அளவு மீறியது. பலருக்கு மூச்சுத் திணறியது, ஆம்புலன்ஸ் நுழையவே சிரமப்பட்டது. நல்லவேளையாகப் பெரும் விபத்து நடக்கவில்லை. அடுத்த ஆண்டு போலீஸ் வாகனங்களுக்கும் கூட்டத்துக்கும் கடும் கட்டுப்பாடு விதித்தது.

2023 நவம்பர் 25 அன்று களமசேரியில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. குசாட் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சி. வெளியே காத்திருந்தவர்கள் மழை பெய்ததும் வாசலை நோக்கி நகர்ந்தார்கள். உள்ளே இறங்கும் படிகள் செங்குத்தானவை. முன்னால் இருந்தவர்கள் விழ, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள். 4 பேர் உயிரிழந்தனர், 60-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

மற்ற சம்பவங்களில் என்ன ஒற்றுமை?

• 2005 டிசம்பர் 18, சென்னை எம்.ஜி.ஆர். நகர்: வெள்ள நிவாரணம் வாங்க விடியும் முன்பே காத்திருந்தவர்களில் 42 பேர் பலி.

• 2008 நவம்பர் 28, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம்: ‘பிளாக் ஃப்ரைடே’ விற்பனைக்கு வால்மார்ட் கடை திறந்த நேரம். கதவை உடைத்து நுழைந்த கூட்டத்தில் சிக்கி ஊழியர் ஒருவர் பலி.

• 2017 செப்டம்பர் 29, மும்பை எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலையம்: மழை நேரத்தில் நடைமேம்பாலப் படிக்கட்டில் 23 பேர் பலி.

• 2023 பிப்ரவரி 4, வாணியம்பாடி: இலவச சேலைக்கான டோக்கன் வாங்கப் போன 4 பெண்கள் பலி.

கதவு, படிக்கட்டு, டோக்கன் வரிசை: எல்லாமே குறுகலான இடங்கள். ‘இப்போ போகலேன்னா கிடைக்காது’ என்ற பயமோ, திடீர் மழையோ கூட்டத்தை ஒரே பக்கம் தள்ளியிருக்கிறது. பண்டிகை சேலில் இந்த ரெண்டுமே சேரலாம்.

‘நெரிசல்’ எப்படிக் கொல்கிறது?

மிதிபட்டுத்தான் இறக்கிறார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. மார்பு அழுந்தி, நுரையீரல் விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு நின்றுவிடுகிறது. ‘நெரிசல்’ என்ற தமிழ்ச் சொல்லே அதைச் சரியாகச் சொல்கிறது.

ஒரு சதுர மீட்டரில், அதாவது நீளமும் அகலமும் மூன்றேகால் அடி உள்ள இடத்தில், 5 பேருக்கு மேல் நின்றால் ஆபத்து தொடங்குகிறது என்பது கூட்ட ஆய்வாளர்களின் கணக்கு. 7 பேர் ஆகிவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். அப்புறம் எந்தப் பக்கம் போவது என்பது உங்கள் கையில் இல்லை.

இன்னொன்று: பின்னால் நிற்பவருக்கு முன்னால் ஒருவர் விழுந்தது தெரியாது. அவர் ஒரு அடிதான் எடுத்து வைக்கிறார். அதனால் ‘ஜனங்களுக்குப் பொறுமை இல்லை’ என்று பழி போடுவது பாதிக் கதைதான். வாசலை எப்போது, எப்படித் திறப்பது என்பது நடத்துபவரின் பொறுப்பு.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

போகும் முன்: கடை திறக்கும் நேரத்தையும் பண்டிகைக்கு முந்தைய மாலையையும் தவிருங்கள். பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று பேசி வையுங்கள். குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள்.

உள்ளே போனதும்: வந்த வழியைத் தவிர வேறு வாசல் எங்கே என்று பாருங்கள். எஸ்கலேட்டர் முடிகிற இடத்தில் கூட்டம் தேங்கியிருந்தால் அதில் ஏறாதீர்கள். மழை வந்தால் வாசலுக்கு ஓட வேண்டாம். நனைந்தால் பரவாயில்லை.

எப்போது வெளியேற வேண்டும்: முன்னும் பின்னும் இரு பக்கமும் ஆட்கள் உரசத் தொடங்கினாலே கிளம்பிவிடுங்கள். கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியவில்லை என்றால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது.

சிக்கிக்கொண்டால்: குத்துச்சண்டைக்காரர் போல இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் மடக்கி வையுங்கள், மூச்சுக்கு இடம் கிடைக்கும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை ஓய்கிற நொடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். ஆனால் சுவர், ஷட்டர், தடுப்புக் கம்பியை ஒட்டி நிற்க வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். போனோ செருப்போ விழுந்தால் குனியவே கூடாது. நீங்களே விழுந்துவிட்டால் உடனே எழப் பாருங்கள். முடியாவிட்டால் தலையைக் கைகளால் மூடி, ஒருபக்கமாகச் சுருண்டு படுங்கள்.

கடைக்காரர் செய்ய வேண்டியது என்ன?

2008 சம்பவத்துக்குப் பிறகு அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை கடைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. வரிசைத் தடுப்புகளை வாசலில் வைக்காமல் தள்ளி வைக்க வேண்டும், கதவு திறக்கும் முன்பே டோக்கன் கொடுக்க வேண்டும், அவசர வழிகளைப் பூட்டவோ அடைக்கவோ கூடாது என்கிறது அது. இந்தியாவிலும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-ல் கூட்ட மேலாண்மைக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

அடுத்த முறை சேலுக்குப் போகும்போது அவசர வழியை அட்டைப் பெட்டிகள் மறித்திருந்தால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நெரிசல் கூடுவது தெரிந்தால், முதலில் நீங்கள் வெளியே வந்து, 112-க்கு அழையுங்கள்.