பறவை திரும்பியது, நிலம் திருந்தியதா?



லண்டனிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குச் செல்லும் எம்40 நெடுஞ்சாலையில் நீங்கள் பயணம் செய்திருந்தால், சாலை சில்டர்ன் குன்றுகளைப் பிளந்துகொண்டு இறங்கும் இடத்தில், நிதானமாய் வட்டமிடும் பெரிய பறவைகளைக் கண்டிருப்பீர்கள். செம்பழுப்பு உடல், சாம்பல் கலந்த வெண்மையான தலை, ஆழமாகப் பிளவுபட்ட வால், விரித்தால் ஐந்தரை அடிக்கும் மேலான சிறகுகள். ஆங்கிலேயர் ‘ரெட் கைட்’ என்று அழைக்கும் பருந்து அது. நம் ஊர்க் குளக்கரைகளில் பறக்கும் செம்பருந்து வேறு, இது வேறு. அழகான பறவை என்று சொல்லிவிட்டு நாம் கடந்துபோகிறோம். ஆனால் 40 ஆண்டுகளுக்கு முன் அந்தக் குன்றுகளில் இந்தப் பறவை வாழவில்லை. அது ஏன் இல்லாமற்போனது, எப்படித் திரும்பி வந்தது என்பதைத் திருச்சபையார் அறிந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அந்தக் கதையில் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைக்குரிய பங்கு அல்ல.

இடைக்கால லண்டனின் தெருக்களில் கழிவுகளைத் தின்று வாழ்ந்த பறவை இது. 1566-ஆம் ஆண்டில், முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில், தானியத்தைப் பாதுகாப்பதற்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தீங்கு செய்பவை என்று கருதப்பட்ட விலங்குகளும் பறவைகளும் பட்டியலிடப்பட்டு, அவற்றின் தலைகளைக் கொண்டுவருவோருக்குக் காசு கொடுக்க வழி செய்யப்பட்டது. அந்தப் பட்டியலில் பருந்தும் இருந்தது. காசு கொடுக்கும் பொறுப்போ அந்தந்தச் சேகரத்தின் ஆலய நிர்வாகிகளிடம், அதாவது சர்ச் வார்டன்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்து ஆலயக் கணக்குப் புத்தகங்களில், திருவிருந்துக்கு அப்பமும் திராட்சரசமும் வாங்கிய செலவோடு, கொல்லப்பட்ட உயிர்களின் தலைகளுக்குக் கொடுத்த காசும் எழுதப்பட்டிருக்கிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் துப்பாக்கியும் பொறியும் நஞ்சும் சேர்ந்துகொண்டன. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இந்தப் பறவை அற்றுப்போயிற்று. வேல்ஸ் நாட்டின் மலைப் பள்ளத்தாக்குகளில் மட்டும் விரல்விட்டு எண்ணத்தக்க சில ஜோடிகள் எஞ்சின.

பருந்து அசுத்தமான பறவை என்று வேதமே சொல்லுகிறதே என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். உண்மைதான், லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தின் பட்டியலில் அது இருக்கிறது. ஆயினும் அந்தப் பட்டியல் எதைப் புசிக்கலாகாது என்பதைச் சொல்லுகிறதேயன்றி, எதை அழித்துப்போடலாம் என்பதற்கு அனுமதி தருவதில்லை. நோவாவின் பேழைக்குள் சுத்தமானவைகளோடு சுத்தமல்லாதவைகளும் பிரவேசித்தன என்று ஆதியாகமம் 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தேவன் பேழையில் இடம் கொடுத்த பறவைக்கு, விசுவாசத்தில் நமக்கு முன்னோரானவர்கள் தங்கள் சேகரத்தில் இடம் கொடுக்க மனதற்றிருந்தார்கள். இத்தனைக்கும் இந்தப் பருந்தின் எடை சுமார் ஒரு கிலோதான். கால்களிலும் வலு குறைவு. பெரும்பாலும் செத்தவற்றையும் மண்புழுக்களையும் எலிகளையும் தின்றே அது வாழ்கிறது. செத்துக்கிடந்த ஆட்டுக்குட்டியின் அருகே அதைக் கண்டவர்கள், கொன்றதும் அதுவே என்று தீர்ப்பளித்தார்கள்.

1989-ஆம் ஆண்டில் நிலைமை மாறத் தொடங்கியது. ஆர்.எஸ்.பி.பி. என்னும் பறவைப் பாதுகாப்பு அமைப்பும் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து, இந்தப் பறவையை மீண்டும் குடியேற்ற முற்பட்டன. ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்த குஞ்சுகள் ஸ்காட்லாந்தின் வடக்கே பிளாக் ஐல் பகுதியில் விடப்பட்டன; பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து வந்தவை சில்டர்ன் குன்றுகளில் விடப்பட்டன. மனிதரோடு பழகிவிடாதபடி கூண்டுகளில் வளர்க்கப்பட்டு, பறக்கும் வலிமை வந்தபின் அவை திறந்துவிடப்பட்டன. ஐந்தாறு ஆண்டுகளில் ஒவ்வோர் இடத்திலும் சுமார் 90 பறவைகள். 1992-இல் இரண்டு இடங்களிலும் அவை கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன.

பிரியமானவர்களே, இனி நான் சொல்லப்போவதைச் சற்று நின்று சிந்தியுங்கள். ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை, ஒரே காலம், ஒரே விதமான பராமரிப்பு. ஆனால் 2006-ஆம் ஆண்டளவில் சில்டர்ன் குன்றுகளில் 300-க்கும் மேற்பட்ட ஜோடிகள் இருந்தபோது, ஸ்காட்லாந்தின் வடக்கே சுமார் 50 ஜோடிகளே இருந்தன. வடக்கிலும் தாய்ப்பறவைகள் குறைவின்றிக் குஞ்சு பொரித்தன, இரைக்கும் பஞ்சமில்லை. அப்படியானால் வித்தியாசம் எங்கே? ஆராய்ந்தவர்கள் கண்டது இதுதான்: அந்த நிலத்தில் இன்னும் நஞ்சு வைக்கப்பட்டிருந்தது. இளம்பறவைகள் அதைத் தின்று மாண்டுபோயின.

2014-ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில், அதே வட்டாரத்தில் கோனன் பிரிட்ஜ் என்னும் ஊரின் அருகே 16 ரெட் கைட் பருந்துகளும், பஸர்டு என்னும் வேறொரு வேட்டைப் பறவையில் ஆறும் செத்துக்கிடந்தன. அவற்றில் பெரும்பாலானவை நஞ்சுண்டவை என்று பரிசோதனையில் தெரியவந்தது. இந்தப் பறவைகளைக் குறிவைத்து யாரும் நஞ்சு வைத்திருக்க வாய்ப்பில்லை என்றும், வேறு உயிர்களை ஒழிக்கச் செய்த காரியத்துக்கு இவை பலியாகியிருக்கக்கூடும் என்றும் காவல்துறை தெரிவித்தது. என் உள்ளத்தை அதிகமாய் உலுக்கியது இதுவே. நஞ்சு வைத்தவனின் மனதில் பருந்து இல்லை. ஆனால் நஞ்சு ஆள் பார்த்துக் கொல்வதில்லை.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகவே சொல்லுகிறேன். இழந்ததைத் திரும்பக் கொண்டுவருவது எளிதான பாதி. அதை இழக்கச்செய்த காரணத்தை நிலத்திலிருந்து அகற்றுவது கடினமான பாதி. முதற்பாதிக்குப் புகைப்படமும் பாராட்டும் உண்டு. இரண்டாம் பாதியை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் திரும்பி வந்தவை பிழைப்பதும் மடிவதும் அந்த இரண்டாம் பாதியைப் பொறுத்தே இருக்கிறது.

சபையிலும் இப்படித்தான் அல்லவா? பல வருடங்களாய் விலகியிருந்த ஒருவர் ஒரு ஞாயிறு காலையில் ஆலயத்துக்குள் வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார். நாம் ஸ்தோத்திரம் சொல்லி, கைகுலுக்கி, மகிழுகிறோம். ஆனால் அவரை வெளியே துரத்திய பேச்சு நம் நடுவில் இன்னும் உலவிக்கொண்டிருக்கிறதா என்று யார் விசாரிக்கிறோம்? ஒருவருடைய மணமுறிவைப் பற்றி, ஒருவருடைய குடிப்பழக்கத்தைப் பற்றி, ஆராதனை முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் நாம் பேசுகிற வார்த்தை, நாம் நினைத்தே பார்க்காத ஒருவரின் செவியில் விழுகிறது. அதே துயரத்தோடு அன்றுதான் திரும்பி வந்தவராக அவர் இருக்கக்கூடும். அடுத்த ஞாயிறு அவர் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று நாம் வியக்கிறோம்.

நல்ல மனதோடு செய்வதும் தீங்காகக்கூடும். ரெடிங் நகரத்தில் பலர் தங்கள் தோட்டங்களில் இந்தப் பருந்துகளுக்கு இறைச்சி வைக்கிறார்கள். பதப்படுத்திய இறைச்சி குஞ்சுகளின் எலும்பை வளர்க்காது. மனிதர் கையில் இரையைக் கண்டு பழகிய பறவை, பிறகு பிள்ளைகளின் கையிலிருக்கும் உணவுக்கும் பாய்கிறது. உடனே, பருந்துகள் பெருகிவிட்டன என்ற முறையீடு எழுகிறது. ஆதலால் அறிவோடு கூடிய அன்பே இவற்றுக்குத் தேவை.

நீங்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. உங்கள் வீட்டிலோ ஆலய வளாகத்திலோ எலித்தொல்லை இருந்தால், முதலில் பொறியை வையுங்கள். எலி நுழையும் துவாரங்களை அடையுங்கள். நஞ்சை உண்ட எலியைத் தின்னும் பருந்தின் உடலிலும் அந்த நஞ்சு சேர்கிறது. ஆட்களை அமர்த்தினால், எந்த மருந்தை வைக்கிறீர்கள், செத்த எலிகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவீர்களா என்று கேளுங்கள். ஒரு காலத்தில் பறவைத் தலைக்குக் காசு கொடுத்த ஆலயத்துக்கு, இன்று இந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை உண்டு.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. ஸ்பெயினின் தென்மேற்கிலுள்ள எக்ஸ்ட்ரமதூரா பகுதியில் இப்பொழுது இதே பறவை அருகிப்போயிருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் தொடங்கி, இங்கிலாந்தில் பிறந்த குஞ்சுகள் அங்கே கொண்டுபோய் விடப்பட்டன. ஸ்பெயினிடம் பெற்ற நாடு, பின்பு ஸ்பெயினுக்குக் கொடுத்தது. நஞ்சு நீங்கிய நிலம் தன் குறைவு நீங்குவதோடு நிற்பதில்லை. மற்றொரு நிலத்தின் குறைவையும் நிரப்புகிறது.

இந்த வாரம் உங்கள் இல்லத்தில், உங்கள் நாவில், நம் சபையில், நெடுநாளாய் எடுக்கப்படாமல் கிடக்கும் நஞ்சு எது என்று ஜெபத்தோடு தேடுங்கள். அதை அகற்றும் பெலனைக் கர்த்தர் தாமே நமக்குத் தருவாராக. ஆமென்.