அளவையும் நிறுவையும்: புத்தளக் கரையில் உழைப்பறமும் உயர்கல்வியும்

அறிவைத் தேடுதல் கடமை என்னும் நபிமொழி முஸ்லிம் ஊர்களின் மேடைகள் தோறும் முழங்கப்படுகின்றது. அக்கடமையைக் குறையாகச் செய்வோன் எத்தகைய குற்றத்துக்கு உள்ளாகின்றான் என்ற வினாவை மட்டும் எந்த மேடையும் எழுப்புவதில்லை. பல்கலைக் கழகம் புகுந்த மாணவரிடையே ஊக்கம் குன்றுவதற்கு வறுமை, வேலையின்மை, நூலக வசதியின்மை எனக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அவை யாவும் தீர்ந்த பின்னர், ரிஸ்க் எழுதப்பட்டபடியே கிடைக்கும், அதிகம் முயன்று ஆவதென்ன என மார்க்கமும் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றது. முன்னைய காரணங்களிற் சில உண்மையானவை. இறுதியாகக் கூறப்படுவதோ மார்க்கத்தின் பெயரால் எழுதப்பட்ட பொய்ச் சீட்டாகும்.

இப்பொய்யை மறுப்பதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. புத்தளம் களப்பின் கரையிலுள்ள உப்பளங்களே போதும். தேக்கங்களிற் கட்டப்பட்ட உவர்நீர் பாத்திக்குப் பாத்தி மாற்றப்பட்டு, வெயிலாலும் காற்றாலும் அடர்த்தியேறி, முதலில் ஜிப்சம் படிந்த பின்னரே உப்பு விளைகின்றது. எஞ்சும் கசப்பு நீரை உரிய வேளையில் வெளியேற்றாவிடில் உப்பும் கசக்கும். ஒரு பெருமழை பலவார உழைப்பைக் கரைத்துவிடவும் கூடும். மழை இறைவன் நாட்டம் என்பதை உப்பளத் தொழிலாளி மறுப்பதில்லை. ஆயினும் அந்நம்பிக்கையைக் காரணங்காட்டி அவன் வரம்பு கட்டாது இருந்ததுமில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த தவக்குலின் பொருள் இதுவே. எழுத்தறியாத தொழிலாளி விளங்கிக்கொண்ட இதனைப் பட்டதாரி மாணவன் விளங்கிக்கொள்ளவில்லையெனின், குறை மார்க்கத்திலுள்ளதன்று.

இஸ்லாம் உழைப்பை வயிற்றுப்பாட்டுக்குரிய வழியாக மட்டும் கருதவில்லை. அரசராகவும் நபியாகவும் விளங்கிய தாவூத் (அலை) தம் கைத்தொழிலின் வருவாயையே உண்டார் என நபிமொழி சிறப்பித்துரைக்கின்றது. கயிறெடுத்துச் சென்று விறகு கட்டிச் சுமந்து விற்பது பிறரிடம் கையேந்துவதினும் மேலானது என்கின்றது மற்றொன்று. இறுதி நாள் வந்துற்ற வேளையிலும் கையில் ஒரு கன்று இருப்பின், இயலுமாயின் அதனை நட்டுவிடுமாறு கூறுகின்றது வேறொன்று. அக்கன்றின் கனியை உண்பார் எவருமிலர். எனினும் நடுதல் கடமையாகின்றது. பலன் உறுதியானாலன்றிப் படிக்கமாட்டேன் என்போருக்கு இதனினும் கடுமையான மறுப்பு வேண்டியதில்லை.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம், பிறரிடமிருந்து பெறும்போது நிறைவாக அளந்துகொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்போரைக் கண்டிக்கின்றது. இக்கண்டனம் கடைக்காரனுக்கு மட்டும் உரியதெனக் கொள்வது பெருந்தவறு. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனையும், 1981இல் தொடங்கிய மகாபொல உதவியையும் முழுதாகப் பெற்றுக்கொண்டு, விரிவுரைக்குச் செல்லாது, பரீட்சைக்கு முந்திய வாரத்திற் பிறர் குறிப்பைப் பிரதிசெய்து ஒப்புவிக்கும் மாணவனும் அளவையில் மோசடி செய்பவனே. மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 வீதம் மாவட்டக் குடித்தொகையின்படியும் வழங்கப்பட, எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக ஒதுக்கப்படுகின்றது. அவற்றுள் புத்தளமும் ஒன்று. அச்சலுகையாற் பெற்ற ஆசனம் அமானத் ஆகும். அதனை வீணாக்குவோன் கற்பிட்டியிலோ முந்தலிலோ வாய்ப்பிழந்து நிற்கும் ஒருவனின் பங்கையும் வீணாக்குகின்றான். கலைப்பீட ஆசனத்துக்கும் இந்நியாயம் பொருந்தும்.

ஊக்கக் குறைவுக்குக் கற்பிக்கும் முறையும் காரணமென்பதை மறைத்தலாகாது. 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், ஈட்டத்தின் மூலம் மனித உழைப்பே என்று நிறுவியவர். வகுப்பில் வாய் திறவாது மனனஞ் செய்வதிலேயே காலங்கழித்த மாணவரைப் பற்றியும் அவர் எழுதினார். வாதிட்டுப் பழகாமையால் அவர்களுக்கு அறிவு கைவரவில்லை என்றார். நற்போதனை அருகியமையாலேயே தூனிஸில் 5 ஆண்டாயிருந்த மத்ரஸாக் கல்விக்காலம் மொரோக்கோவில் 16 ஆண்டாக நீண்டதென்றும் காட்டினார். குறிப்புச் சொல்லி எழுதுவிக்கும் விரிவுரை மண்டபங்கள் அன்றைய மொரோக்கோவினின்றும் எவ்வளவு தூரம் விலகியுள்ளன என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

பட்டம் பெற்றாலும் தொழிலில்லையே என்பது வலிமையான மறுப்பு. வியர்வை உலருமுன் கூலி கொடுக்குமாறு பணித்த மார்க்கம், சமூகத்தின்மீதும் அரசின்மீதும் கடமை சுமத்தாது விடவில்லை. அக்கடமையை உணர்ந்தே ஏ. எம். ஏ. அஸீஸ் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். தலைவர்கள் அவ்வழியிற் செல்லாமை கண்டிக்கத்தக்கதே. ஆயினும் ஒருவன் கடமை தவறியமை மற்றவனின் கடமையை நீக்கிவிடாது. 1807இற் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, நாட்டிற் பல்கலைக் கழகமே இல்லாத காலத்தில், தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டி 1859இல் நூலாக்கினார். 1990 ஒக்டோபரில் வடக்கினின்றும் வெளியேற்றப்பட்டு இக்கரையில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கிய முஸ்லிம்கள், வெங்காயத் தோட்டங்களிற் கூலி வேலை செய்தும் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். வசதி வந்த பின்னரே ஊக்கம் வருமென்பது இவ்விரு சான்றுகளாலும் பொய்யாகின்றது.

மனிதனுக்கு அவன் முயன்றதன்றி வேறில்லை என்பது இறைவாக்கின் கருத்து. அதில் முயற்சியே கூறப்பட்டுள்ளது. பட்டமோ பதவியோ கூறப்படவில்லை. இதனை உளங்கொள்ளாத மாணவனுக்கு மேடை முழக்கங்களாற் பயனில்லை. உளங்கொண்ட மாணவன் முதலில் தன் அளவையைத் திருத்துவான்; பெற்ற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உப்பளத்தில் வெயில் காய்வோனுக்குக் கணக்குக் கொடுப்பான். அக்கணக்கைக் கேட்கும் உரிமை அத்தொழிலாளிக்கு உண்டு. அவன் கேட்கும் நாள்வரை காத்திராது தாமே ஒப்புவிப்பது கற்றோர்க்கு அழகாகும்.