ஆடி இரவுகளும் நான்கு வழிச் சாலையும்

ஆடி பிறந்துவிட்டால், மஞ்சளும் சிவப்பும் உடுத்தி, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட ஜனங்கள் சூலக்கரை வழியாகச் சாத்தூரை நோக்கிச் சாரிசாரியாக நடந்துபோவதும், கடைசி வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க அக்கூட்டம் பெருகுவதும் இப்பக்கத்தார் அறிந்த காட்சியே. கரிசல் பூமியின் வெயிலுக்கு அஞ்சிப் பலரும் இரவிலேயே நடக்கிறார்கள். நடக்கும் இடமோ, மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது. தாழ்த்திய முகவிளக்கின் வெளிச்சத்தில், இருண்ட நிறத் துணி உடுத்தியவர் முப்பது நாற்பது மீட்டர் அருகில் வந்த பிறகே கண்ணில் படுவாராகையால், ஓட்டுநர் எத்தனை ஜாக்கிரதையுள்ளவராயினும் அவருக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு விநாடிகூட இல்லை. பழனி யாத்திரிகர்களின் பைகளில் போலீஸார் ஒட்டிவிடும் ஒளிரும் ஸ்டிக்கரை அலங்காரமென்று எண்ணிப் பிய்த்தெறிபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்; பின்லாந்து தேசத்தில் இருளில் நடப்போர் அத்தகைய ஒளிவில்லையை அணிய வேண்டுமென்பது சட்டமாகவே இருக்கிறது.

நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலப்புறமாக நடக்க வேண்டும் என்பது பாதசாரிக்குப் போதிக்கப்படும் பழைய விதி. சிவகாசிப் பக்கத்து ஒற்றைச் சாலைகளில், பட்டாசு ஆலைக்கு நடந்து போய்வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல விதி வேறில்லை. ஆனால் சூலக்கரையில் நிலைமை வேறு. தெற்கே போகும் யாத்திரிகர் அவ்விதியை அனுசரிப்பதானால், நடுத்தடுப்பைத் தாண்டி மேற்கு ஓரத்தை அடைந்து, வடக்கே பாய்ந்துவரும் லாரிகளை எதிர்கொண்டு நடந்து, இருக்கன்குடிக்காகக் கிழக்கே திரும்பும்போது மறுபடியும் இப்புறம் வந்தாக வேண்டும். இடுப்பில் குழந்தையோடு போகும் பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. தாரை விட்டு இறங்கி, மண்ணோரத்தில் ஒருவர் பின் ஒருவராக, கடைசியாக வருபவர் கையில் பின்புறம் ஒளிரும் சிவப்பு விளக்கோடு நடப்பதே அங்கே சாத்தியமான வழி. (பேச்சுத் துணைக்காக நால்வர் கைகோத்து நடக்கும் இன்பத்தை ஊருக்குள் வைத்துக்கொள்ளலாம்.)

நெடுஞ்சாலையில் நடப்பதையே தடுத்துவிட்டாலென்ன என்று கேட்பவர்களும் உண்டு. இப்பெருவழியை மங்கம்மாள் சாலை என்று ஜனங்கள் வழங்கிய காலத்தில் அது கால்நடையாகப் போவோருக்கும் மாட்டுவண்டிகளுக்குமே உரியதாக இருந்தது. நான்கு வழிகள் வந்தபோது வாகனத்துக்கு இடம் கூடியது, நடப்பவருக்கோ மிஞ்சியது ஓரம் மட்டுமே. 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். இராஜசேகரன் தொடுத்த வழக்கில், நடைபாதையைப் பெறும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு அளிக்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கியதென்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தெளிவாக்கிவிட்டது.

பழனி மார்க்கத்தில் சில பகுதிகளில் யாத்திரிகருக்கெனத் தனிப்பாதை போடப்பட்டிருக்கிறது. இங்கும் அது வரட்டும். வரும்வரை, பஞ்சாங்கம் முன்கூட்டியே அறிவித்துவிடும் அந்தச் சில இரவுகளுக்காவது, விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடையே சாலையின் வெளி வழியொன்றைத் தடுப்பு வைத்து நடப்பவருக்கு ஒதுக்கலாம். அதற்குப் பணமில்லை என்பார்களாயின், எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியில் வசூலாகும் தொகையின் கணக்கை முதலில் பிரசுரிக்கட்டும்.