பொம்மைக்குச் சர்க்கரைப் பாவாடை

குழந்தையின் ஜன்ம நட்சத்திரத்தன்று பாயசம் வைத்து, கோயிலில் ஓர் அர்ச்சனையும் செய்துவிட்டால் காரியம் முடிந்தது என்றிருந்த வீடுகளிலுங்கூட இப்பொழுது மாலையில் கேக்கு வெட்டியாக வேண்டியிருக்கிறது. இது நல்லதா கெட்டதா என்று வாதம் செய்வதற்கு இந்தப் பகுதி இடமன்று. கேக்கு வந்துவிட்டது, இனிப் போகப் போவதில்லை. பெண் குழந்தையுள்ள வீட்டில் அதிலும் ஒரு தனி மோகம் உண்டு: பொம்மைக் கேக்கு. இடுப்புக்கு மேலே பொம்மை. இடுப்புக்குக் கீழே குடை விரித்தாற்போன்ற பாவாடை. அந்தப் பாவாடைதான் கேக்கு. அதன்மேல் துணியைப் போல் போர்த்தியிருக்கும் சர்க்கரைத் தகட்டுக்குப் பாண்டண்ட் என்று பெயர்.

ஆஸ்திரேலியாவில் இதை 'டாலி வார்டன்' கேக்கு என்கிறார்கள். 1841-இல் வெளிவந்த டிக்கன்ஸின் 'பார்னபி ரட்ஜ்' என்னும் நாவலில் வரும் ஒரு சிங்காரப் பெண்ணின் பெயர் அது. 1959-இல் அமெரிக்காவில் பார்பி பொம்மை பிறந்த பிறகு, கேக்கின் நடுவே நிற்கும் உத்தியோகம் அநேகமாய் அவளுக்கே போய்விட்டது. அவள்தான் நிற்க வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை. கொலுப் பெட்டியில் உறங்கும் மரப்பாச்சியையும் நிறுத்தலாம். பார்பியைவிட அவளுக்குக் கால் உறுதி. அது இருக்கட்டும்.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கும்போது இது ஏதோ சிற்பியின் வேலை என்று தோன்றும். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டைச் சொப்பு விரிசலில்லாமல் செய்யத் தெரிந்த கைக்கு இதில் பாதி வேலை முன்னமே தெரியும் என்பது என் அபிப்பிராயம். மாவு ஆறிக் காய்ந்தால் வெடிக்கும். ஈரம் மிஞ்சினால் ஒட்டும். இரண்டுக்கும் இடையே உள்ள பதத்தைக் கண்ணால் அல்ல, விரலால் அறிய வேண்டும். பாண்டண்டின் சுபாவமும் இதுவேதான். ஒரே ஒரு வித்தியாசம். கொழுக்கட்டை மாவை ஈரத்துணியால் மூடி வைக்கிறோம்; பாண்டண்டை அப்படி மூடினால் சர்க்கரை கரைந்து பாகாகிவிடும். அதைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைக்க வேண்டும். புதிதாய்த் தொடங்குகிறவர்கள் இந்த வேலையில் அஞ்ச வேண்டிய சத்துரு தண்ணீர் ஒன்றுதான். மற்றவை யெல்லாம் அதன் பரிவாரம்.

முதலில் கேக்கு. பார்பியின் உயரம் 29 சென்டிமீட்டர். அதில் இடுப்புக்குக் கீழே ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். ஒரு கிண்ணத்தில் சுட்ட கேக்கு அத்தனை உயரம் வராது. ஆகையால் அடியில் 18 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டக் கேக்குகள் இரண்டை வைத்து, அவற்றின் மேல் கிண்ணக் கேக்கைக் கவிழ்த்து, கத்தியால் சீவி ஒரே சரிவாக்கிக் கொள்ள வேண்டும். மைதா, வெண்ணெய், சர்க்கரை ஒவ்வொன்றும் 250 கிராம், முட்டை 5 என்ற கணக்கு போதும். பஞ்சு போன்ற மெல்லிய கேக்கு இதற்கு உதவாது. பாவாடையின் பாரத்தில் அமுங்கிவிடும். கிண்ணத்தில் சுடும்போது ஓரம் சிவந்தும் நடு வேகாமலும் இருப்பது வழக்கம். சூட்டை 160 டிகிரியில் வைத்து, நிதானமாக ஒரு மணி நேரத்திற்கு மேலும் விட்டு, நடுவில் ஈர்க்குச்சியைச் செருகிப் பார்த்து எடுக்கவும். மறுநாள்தான் அதன்மேல் கத்தி வைக்க வேண்டும். சுடச்சுடச் சீவினால் உதிரும்.

அடுத்தது அடிப்பூச்சு. பலருக்குக் காரியம் கெடுவது இந்த இடத்தில்தான். நம் ஊர்க் கடைக் கேக்குகளில் பெரும்பாலும் அடித்த கிரீமைத்தான் பூசுகிறார்கள். அதையே நாமும் பூசி அதன்மேல் பாண்டண்டைப் போர்த்தினால், கிரீமிலுள்ள நீரைச் சர்க்கரை குடித்துவிட்டு, சில மணி நேரத்திற்குள் பாவாடை வியர்த்து வழியத் தொடங்கும். வெண்ணெய்ப் பூச்சில் அந்த உபத்திரவம் குறைவு. ஆனால் வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும் வஸ்து. சித்திரை வைகாசியில் சென்னையிலும் மதுரையிலும் அடிக்கும் வெயில் அதற்கு மேல். ஆகவே நமது சீதோஷ்ணத்திற்கு ஏற்றது சாக்கலேட்டுப் பூச்சே. கறுப்புச் சாக்கலேட்டு இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு. கோடையில் சாக்கலேட்டு இரண்டரைப் பங்கு. கிரீமைக் காய்ச்சிச் சாக்கலேட்டின்மேல் ஊற்றிக் கலந்து, ஆறவிட்டு, சுவருக்குச் சாந்து பூசுவதுபோல் பூசி, இறுகும் வரையில் வைத்துவிட வேண்டும்.

இனிப் பாண்டண்ட். மரக்கறி உணவு கொள்ளும் குடும்பங்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இதை இழுபடச் செய்வதற்கு வழக்கமாகச் சேர்ப்பது ஜெலட்டின். அது பிராணிகளின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுப்பது. கடையில் வாங்கும் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா, பழுப்பு முக்கோணம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டிலேயே செய்ய விரும்புவோர் ஜெலட்டினுக்குப் பதிலாக அகர் உபயோகிக்கலாம். கடைக்காரர் அதைச் 'சைனா கிராஸ்' என்பார். பெயரில்தான் சைனா இருக்கிறது. அகர் எடுப்பதற்குரிய மரிக்கொழுந்துப் பாசி நம்முடைய மன்னார் வளைகுடாவிலேயே விளைகிறது. இராமநாதபுரம் கரையோரத்துப் பெண்கள் கடலில் மூழ்கி அதைப் பறித்துக் கரை சேர்க்கிறார்கள்.

செய்முறை இது. அகர்த் தூள் ஒரு தேக்கரண்டியை மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் ஊறவைத்து, தெளியும் வரையில் கொதிக்க விடவும். வெந்நீரில் கலக்கினால் மட்டும் அகர் கரையாது. கொதித்தே ஆக வேண்டும். அதில் திரவக் குளுகோஸ் நான்கு மேசைக்கரண்டி, உணவுக்கென்று விற்கும் கிளிசரின் ஒன்றரைத் தேக்கரண்டி, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, சூடு ஆறுமுன் அரைக் கிலோ ஐசிங் சர்க்கரையில் ஊற்றிக் கிளறிப் பிசைய வேண்டும். 40 டிகிரிக்குக் கீழே வந்தால் அகர் உறையத் தொடங்கிவிடுமாதலால் தாமதம் கூடாது. வீட்டு மிக்ஸியில் பொடித்த சர்க்கரை நறநறவென்றிருக்கும், அது வேண்டாம். பிசைந்ததை உறையில் சுற்றி ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் மறுபடியும் பிசைந்து உபயோகிக்கவும். முதல் தடவையே இத்தனையும் செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். முதல் கேக்குக்குப் பச்சைப் புள்ளியுள்ள பொட்டலத்தை வாங்கிக் கொண்டு, கையைப் பாவாடையில் பழக்குங்கள்.

பாவாடையை ஒரே தகடாகப் போர்த்துவதற்கு 40 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டம் வேண்டும். மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்தால் அதன் எடை அரைக் கிலோவுக்குமேல் இருக்கும். பழகாத கை அதைத் தூக்கும்போது தன் பாரத்தாலேயே நடுவில் கிழியும். தையற்காரர் குடைப் பாவாடை தைப்பதைப் போலப் பட்டை பட்டையாகச் சேர்ப்பதே உத்தமம். அடியில் 8 சென்டிமீட்டர், இடுப்பில் இரண்டு, நீளம் 20 என்று காகிதத்தில் ஓர் அளவு கத்தரித்து, கேக்கின்மேல் வைத்துப் பார்த்துத் திருத்திக் கொள்ளுங்கள். அப்படி எட்டுப் பட்டைகள். சோள மாவைத் தூவித் தேய்த்து, ஒவ்வொன்றாக வெட்டி, உடனே ஒட்டுங்கள். எட்டையும் வெட்டி வரிசையாகப் பரப்பினால் கடைசிப் பட்டை அப்பளமாகிவிடும். ஒட்டுவதற்குச் சாக்கலேட்டுப் பூச்சின்மேல் ஈரத் தூரிகையால் தொட்டும் தொடாமலும் ஒரு தடவல் போதும். இணைப்புகள் கோணலாக இருந்தாலும் கவலையில்லை. அவற்றின்மேல் மெல்லிய நாடா ஒட்டினால் அதுவே சரிகைக் கோடாகிவிடும். மேலே ஒரு தாவணியும் போட்டால், டிக்கன்ஸின் கதாநாயகி காரைக்குடிப் பெண்ணாகி விடுவாள்!

பொம்மையை முன்னதாக நன்றாகக் கழுவித் துடைத்து, இடுப்பிலிருந்து பாதம் வரையில் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி, கேக்கின் நடுவே குடைந்த துளையில் இறக்க வேண்டும். கூந்தலையும் ஒரு தாளில் முடிந்து வைக்காவிட்டால் சர்க்கரையெல்லாம் மயிராகும். ரவிக்கைக்கு இரண்டு மில்லிமீட்டர்த் தகடு. இணைப்பு முதுகுப் பக்கம்.

வர்ண விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசாங்கம் அதன் விற்பனையைத் தடுத்தது. குழந்தைகளின் கண்ணைக் கவரும் அதே ரோஜா நிறந்தான் பொம்மைப் பாவாடைக்கும் எல்லாரும் கேட்கிறார்கள். 2018-இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாகாணத்தில் ஒரு பிறந்தநாள் கேக்கைத் தின்ற ஆறு குழந்தைகள் வாந்தி கண்டார்கள். கேக்கின்மேல் பூசியிருந்த மினுமினுப்புப் பொடியில் பெரும் பங்கு செம்பு என்று தெரிய வந்தது. 'விஷமற்றது' என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதும், 'உண்ணத் தக்கது' என்று அச்சிட்டிருப்பதும் ஒன்றல்ல. சேர்மானங்களின் பட்டியலும் உணவு உரிம எண்ணும் இல்லாத பொடி எத்தனை பளபளத்தாலும் வீட்டுக்குள் வரக் கூடாது. பீட்ரூட் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, கூழானதும் ஒரு துளி சேர்த்துப் பிசைந்தாலே அழகான ரோஜா நிறம் வருகிறது. பச்சைச் சாற்றை அப்படியே விட்டால் நமது பழைய சத்துரு உள்ளே புகுந்துவிடுவான். மஞ்சள் தூளில் ஒரு சிட்டிகை மாம்பழ நிறம் தரும். வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் வெளுக்கும்.

முடிந்த கேக்கைக் குளிர்ப்பெட்டியில் வைக்க நேர்ந்தால், அட்டைப் பெட்டிக்குள் மூடி வையுங்கள். வெளியே எடுத்ததும் பெட்டியைத் திறவாமல் இரண்டு மணி நேரம் அப்படியே விட்டால், பனித்துளி அட்டையின்மேல் படியும், பாவாடை பிழைக்கும். விருந்தினர் வந்தாயிற்று, சீக்கிரம் ஆகட்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வெட்டுமுன் பொம்மையை மேலே உருவி, சுற்றிய தாள் முழுவதும் அதனோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். கேக்கு நழுவாமலிருக்க உள்ளே குச்சிகள் செருகியிருந்தால் எண்ணி எடுங்கள். ஒன்றேகால் கிலோ கேக்கு இருபது பேருக்குத் தாராளமாய் வரும். பெரியவர்களில் சிலர் சர்க்கரைப் பட்டையை உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவார்கள். ஒரு நாள் முழுவதும் உழைத்துத் தைத்த பாவாடையாயிற்றே என்று மனம் வருந்த வேண்டாம். அந்தத் தட்டு எப்பொழுது காலியாகும் என்று பக்கத்திலேயே ஒரு குழந்தை காத்துக் கொண்டிருக்கும்.