வீரன் யார் வீட்டுப் பிள்ளை?

மலாய் வீரன் ஹங் துவா வாழ்ந்ததற்கு வரலாற்றுச் சான்றில்லை என்று 2012இல் வரலாற்றுப் பேராசிரியர் கூ கே கிம் சொன்னபோது மலேசியா எங்கும் சர்ச்சை மூண்டது. சான்று கேட்பது வரலாற்றாசிரியரின் கடமை. அதே கேள்வியை நம் தோட்டத்துச் சாமியான மதுரை வீரனை முன்வைத்தும் கேட்டாக வேண்டும்.

கதைப்பாடல் சொல்லும் வீரன், காசி அரசனுக்குப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன். பாளையக்காரர் மகள் பொம்மியை மணந்தவன். கள்ளரை அடக்க மதுரைக்கு வந்து, வெள்ளையம்மாள் மீது கொண்ட காதலால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். திருமலை நாயக்கர் காலம், அதாவது 17ஆம் நூற்றாண்டு என்பார்கள். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே அவனுக்குச் சந்நிதி உண்டு. ஆனால் கதைக்கு வெளியே உறுதியான சான்று கிடைக்கவில்லை.

அந்த அரச பிறப்பு பிற்காலத்தில் ஒட்டப்பட்டது என்பர் ஆய்வாளர் பலர். ஒடுக்கப்பட்ட ஒருவன் மேல்குலப் பெண்ணை மணந்ததைப் பொறுக்காதவர்களே அவனை அரசகுமாரன் ஆக்கினார்கள் என்பது அவர்கள் வாதம். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படம் அந்தக் கதையை ஊரெல்லாம் கொண்டுசேர்த்தது. அவன் வாழ்ந்தான் என்பதை இந்த ஒட்டுவேலை நிரூபிக்காது. ஆனால் வெறும் கற்பனைக்கு இத்தனை பூச்சு எதற்கு?

தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறை 1938இல் முடிவுக்கு வரும்வரை மலாயாவுக்குக் கப்பலேறியவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள்தான் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு அருகே மரத்தடியில் கல் நட்டு, வீரனைக் காவலுக்கு வைத்தார்கள். லயத்தில் பிறந்த எத்தனையோ பேர் பிறப்புப் பத்திரம் இல்லாமல் அடையாள அட்டைக்கு அலைந்தார்கள். ஏட்டில் இல்லாதவர் உலகில் இல்லாதவர் என்றால், அவர்களையும் இல்லாதவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

பிறகு தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. இடம் மாறிய கோயில்கள் ஆகமக் கோயில்களாக உயரும்போது வீரன் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறான். சுருட்டும் சாராயமும் வைத்த படையலைச் சொல்லவே கூச்சப்படுகிறோம். கோயில் நிர்வாகங்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான்: கும்பாபிஷேக மலரில் தலைவர்களின் வாழ்த்துச் செய்திகளுக்கு முன், வீரன் கதையை லயத்துப் பெரியவர்கள் சொன்னபடியே அச்சிடுங்கள்.

அவன் வாழ்ந்தானா என்பதை வரலாற்றாசிரியர்கள் தேடட்டும். அவனை யார் வீட்டுப் பிள்ளையாக நினைவில் வைப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.